சர்க்கரையின் கணக்கைத் தமிழில் எழுதுங்கள்

காஞ்சிபுரத்தில் எந்தப் பெட்டிக்கடை முன் நின்றாலும் ஏதோ ஒரு குளிர்பானத்தின் பெயர் தமிழில் கண்ணில் படுகிறது. பல கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்ததே குளிர்பான நிறுவனங்கள்தாம். கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜும் பல இடங்களில் அவை தந்ததுதான். விளம்பரம் தமிழில், பாட்டு தமிழில், நடிகர் பேசும் வசனம் தமிழில். அந்த பாட்டிலைத் திருப்பி, உள்ளே சர்க்கரை எவ்வளவு, சர்க்கரை இல்லையென்றால் அதற்குப் பதிலாக என்ன சேர்த்திருக்கிறார்கள், யார் குடிக்கக் கூடாது என்று தேடினால் மட்டும் தமிழ் மறைந்துவிடுகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் பிடிபடாத பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், எண்களும் சுருக்கெழுத்துகளுமாக ஒரு கட்டம் இருக்கிறது. அவ்வளவுதான். விற்கும்போது நன்றாகத் தெரிகிற மொழி, விவரம் சொல்ல வேண்டிய இடத்தில் தெரியாமல் போவதை மறதி என்று யாரும் ஏற்க மாட்டார்கள். இப்படி விற்கும் நிறுவனங்களையும், விற்க இடங்கொடுக்கும் ஒன்றிய அரசின் சட்டத்தையும், பார்த்துக்கொண்டிருக்கும் மாநில நிர்வாகத்தையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இந்தக் கண்டனத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். முன்பெல்லாம் ‘டயட்’ பானம் என்பது பெருநகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் விலை கூடிய டின்னில் கிடைத்த பொருள். இன்று அப்படியில்லை. ‘ஜீரோ’, ‘நோ சுகர்’ என்ற பெயர்களில் அவை 10 ரூபாய்ச் சிறு பாட்டிலாகவே தெருமுனைக் கடைக்கு வந்துவிட்டன. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே வடிவம். ஒன்றில் சர்க்கரை, இன்னொன்றில் சர்க்கரையே இல்லை. மூடியின் நிறமும் ஒட்டுத்தாளின் மூலையில் ஓர் ஆங்கிலச் சொல்லும்தான் வேறுபாடு. ஒரு மனிதரின் உடலுக்குள் போனபின் இந்த இரண்டும் செய்யும் வேலை முற்றிலும் வேறு. அந்த வேறுபாட்டை அறியாமல் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கும் ஊராக நம் ஊர் மாறிக்கொண்டிருக்கிறது.

வேறுபாடு என்ன என்பதை நிறுவனங்கள் சொல்லாததால் நாம் சொல்கிறோம். வழக்கமான கோலா வகைப் பானத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 200 மில்லி சிறு பாட்டிலைக் குடித்தால் 21 கிராம் அளவுக்குச் சர்க்கரை உள்ளே போகிறது. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் ஐந்து கரண்டிக்கும் மேல். 750 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 80 கிராம், அதாவது இருபது கரண்டி. விருந்தாளி வந்தால் வாங்கிவரும் இரண்டேகால் லிட்டர் பாட்டிலில் கால் கிலோவுக்குச் சற்றே குறைவு. ஐந்து கரண்டிச் சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் யாரும் முகத்தைச் சுளிப்பார்கள். குளிர்ச்சி, நுரை, அமிலத்தின் புளிப்பு மூன்றும் சேர்ந்து அந்தத் தித்திப்பை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. தண்ணீரில் கரைந்த சர்க்கரையாதலால் மென்று தின்ன வேண்டிய வேலையில்லை, தடுத்து நிறுத்தும் நார்ச்சத்தும் இல்லை. சில நிமிடங்களில் இரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும்.

‘டயட்’, ‘ஜீரோ’ பாட்டிலில் அந்தச் சர்க்கரை கிடையாது. அதன் இடத்தில் ஆஸ்பர்டேம், அசெசல்ஃபேம் பொட்டாசியம், சுக்ரலோஸ் ஆகிய செயற்கை இனிப்புகளில் ஒன்றோ இரண்டோ சேர்க்கப்படுகின்றன. ஆஸ்பர்டேம் சர்க்கரையைப் போல ஏறத்தாழ 200 மடங்கும், சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கும் இனிப்பானவை. அதனால் மில்லிகிராம் கணக்கில் சேர்த்தாலே போதும். கலோரி ஏறக்குறைய இல்லை, இரத்தச் சர்க்கரை உடனே ஏறுவதும் இல்லை. ஒட்டுத்தாளில் இவை பெரும்பாலும் 951, 950, 955 என்ற எண்களாகவே தலைகாட்டும். அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று சொல்லித் தருவது யார் பொறுப்பு?

மாறாதவையும் உண்டு. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம், எலுமிச்சை வகைப் பானங்களில் சிட்ரிக் அமிலம் என இரண்டு வகை பாட்டிலிலும் அமிலம் அப்படியே இருக்கிறது. பற்களின் எனாமல் கரையத் தொடங்கும் அமிலநிலையைவிட இந்தப் பானங்களின் அமிலத்தன்மை பல மடங்கு கடுமையானது. சர்க்கரை இல்லாத பானம் பல்லுக்குப் பாதுகாப்பானது என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கோலாவில் உள்ள காஃபீனும் ‘டயட்’ என்று பெயர் வைத்ததால் போய்விடுவதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றும் விற்கப்படுகிறது. சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்து, குறைந்த தித்திப்பைச் செயற்கை இனிப்பால் நிரப்பிய பானங்கள். முகப்பில் ‘ஜீரோ’ என்றும் இருக்காது, ‘டயட்’ என்றும் இருக்காது. வாங்குகிறவர் அதை வழக்கமான பானம் என்றே எண்ணுவார். செயற்கை இனிப்பு சேர்ந்திருப்பதைப் பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் சொல்லும். ஆங்கிலம் படித்தவர்களுக்கே பிடிபடாத இந்தக் கலப்பை, தறியில் உட்கார்ந்து உழைப்பவர்களும் பூக்கட்டி விற்பவர்களும் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

உயிரோடு விளையாடும் ஓர் இடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டிக்கொண்டு வரும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் அவருக்கு உடனே வேண்டியது 15 கிராம் அளவுக்குச் சர்க்கரை. வழக்கமான குளிர்பானம் 150 மில்லி குடித்தால் அது கிடைத்துவிடும். மருத்துவர்கள் இந்தப் பானத்தை ஒப்புக்கொள்ளும் வெகு சில தருணங்களில் இதுவும் ஒன்று. அதே நேரத்தில் அவர் கையில் ‘ஜீரோ’ பாட்டிலைத் திணித்தால் ஒரு பயனும் இல்லை. பொன்னான நிமிடங்கள் வீணாகப் போகும். (நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.)

காஞ்சிபுரத்தில் இது அரிதாக நடக்கும் சங்கதி அல்ல. புரட்டாசிச் சனிக்கிழமை, வைகுண்ட ஏகாதசி என்று விரதம் இருக்கும் வயதானவர்கள் வரதராஜப் பெருமாள் கோயில் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். காமாட்சியம்மன் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் வெளியூர்களிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் வேளை தப்பித்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் தள்ளாடி உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கும் நல்ல மனம் படைத்தவர் கடைக்கு ஓடி ஒரு கூல் டிரிங்க்ஸ் வாங்கி வருவார். “சுகர் பேஷண்ட், அதனால் சுகர் இல்லாததே கொடுங்கள்” என்று அவர் கேட்டு வாங்கவும் கூடும். நல்லெண்ணத்தோடு செய்த உதவி உதவாமல் போவதற்கு அவரா பொறுப்பு? எது எதற்கு என்று எழுதாமல் விற்றவர்களே பொறுப்பு.

தமிழ்நாட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட பேராய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது மாநில அரசு. பாராட்டத்தக்க திட்டம். மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிற அதே தெருவில், ஒரு பாட்டிலில் எத்தனை கரண்டிச் சர்க்கரை என்று தமிழில் ஒரு வரி எழுத வைக்க முடியவில்லை என்றால், அந்த அக்கறை பாதி வழியில் நின்றுவிட்டது என்றுதான் பொருள்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் குழித்தறியில் அமர்ந்து நாள் முழுவதும் உழைப்பவர்களின் கை, கால், கண் எல்லாம் ஓயாது வேலை செய்கின்றன. ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே நடக்கிற வேலை அது. பிற்பகலில் சோர்வு தட்டும்போது குளிர்பானம் குடித்தால் தெம்பு வரும் என்ற எண்ணத்தை விளம்பரங்கள் ஆழமாக விதைத்திருக்கின்றன. வருவது சில நிமிடத் தெம்பு. மிஞ்சுவது சேர்ந்துபோகும் சர்க்கரை. நாள் முழுவதும் நடந்து மூட்டை சுமப்பவருக்கே அது மிகுதியான அளவு என்றால், தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகும்? ஒரு நெசவாளியின் கண்ணும் விரலும்தான் அவருடைய முதல். முற்றிய நீரிழிவு தாக்குவது விழித்திரையையும் நரம்பையும். கோர்வை கோத்துப் பிடிக்கும் விரலில் உணர்வு மங்கினால், புட்டாவின் இழை எண்ணும் கண் மங்கினால், அந்தக் குடும்பத்தின் அடுப்பு அணைந்துவிடும்.

இதனால் ‘டயட்’ பானத்துக்கு நாம் பரிந்து பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஜீரோ’ என்றால் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் இன்னொரு பெரிய பிழை. உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகச் செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்த அறிவுரையிலிருந்து அது விலக்கி வைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். அதே ஆண்டு ஜூலையில் அதன் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆஸ்பர்டேமைப் ‘புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் வைத்தது. சான்று வரம்புக்குட்பட்டதாக இருக்கும்போது தரும் பிரிவு அது. அதைக் காட்டிப் பீதி கிளப்புவது தவறு. உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராயும் கூட்டு நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த வரம்பைத் தாண்ட நாளுக்கு 9 முதல் 14 டின் வரை குடிக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லப்பட்டது.

சரி, 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு? அதே கணக்கைப் போட்டால் வரம்பு 800 மில்லிகிராம். டின்னுக்கு 300 மில்லிகிராம் சேர்த்த பானமாக இருந்தால் மூன்றாவது டின் முடியும் முன்பே வரம்பு வந்துவிடும். செயற்கை இனிப்பு சேர்த்த பானங்களில் ‘குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை’ என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் ஆஸ்பர்டேம் சேர்த்ததைத் தொடக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டும் எந்த மொழியில்? ஆங்கிலத்தில். எந்த அளவில்? எறும்பளவு எழுத்தில். 10 ரூபாய்க்குப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் பாட்டிலில், பிள்ளைகளுக்கு வேண்டாம் என்ற வரி, பிள்ளைகளின் தாய்க்குப் புரியாத மொழியில் இருக்கிறது. இதைவிடக் கண்டிக்கத்தக்கது வேறென்ன?

சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான நீரிழிவு ஆராய்ச்சி மையம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வையும் மறைக்கவில்லை. டைப்-2 நீரிழிவு உள்ள இந்தியர்கள் காபி, தேநீரில் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் சேர்த்துக்கொண்டபோது, 12 வார காலத்தில் இரத்தச் சர்க்கரையில் கேடு எதுவும் தென்படவில்லை. எடை சிறிது குறைந்தது. காபியில் கரண்டிக் கணக்கில் போடும் இனிப்புக்கு அது பொருந்தும். மூன்று மாதத்துக் காபியைப் பற்றிய அந்த முடிவை, நாள்தோறும் பாட்டில் பாட்டிலாகக் குடிப்பதற்கான அனுமதிச் சீட்டாக நீட்டிக்கொண்டு போக முடியாது. நீரிழிவு உள்ளவர் எப்போதாவது ஒருமுறை குளிர்பானம் குடித்தே ஆக வேண்டுமென்றால், சர்க்கரை சேர்த்ததைவிடச் சேர்க்காதது கேடு குறைந்தது. நீரிழிவு இல்லாதவருக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டுமே தேவையில்லை. சான்றுகள் சொல்வது இவ்வளவுதான். இதைத் தமிழில் நான்கு வரியில் எழுதிவிடலாம்.

இனி ஒன்றிய அரசின் பொறுப்புக்கு வருவோம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிப்படி, பொட்டலத்தின் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழிகளில் எழுதுவதற்குத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. எட்டுக் கோடித் தமிழர் குடிக்கும் பானத்தில் தமிழ் என்பது நிறுவனத்தின் விருப்பம் சார்ந்த விஷயம்! உடல்நலம் குறித்த எச்சரிக்கையை ஒருவருக்குப் புரியாத மொழியில் சொல்வது, சொல்லாமல் விடுவதற்குச் சமம். தமிழ்நாட்டில் விற்கும் பொருளில் தமிழைக் கட்டாயமாக்காத இந்த விதி திருத்தப்பட வேண்டும்.

அதே விதியில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளில் உள்ள சேர்க்கைச் சர்க்கரை, ஒருவரின் நாளளவில் எத்தனை விழுக்காடு என்று ஒட்டுத்தாளில் போட வேண்டும். அந்த நாளளவாக ஆணையம் வைத்திருப்பது 50 கிராம். ஆனால் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராமுக்குள் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிறது. 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இலேயே சொன்னது. விளைவைப் பாருங்கள். 21 கிராம் சர்க்கரை உள்ள சிறு பாட்டிலின் ஒட்டுத்தாள் 42 விழுக்காடு என்று காட்டும். நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கில் அது 70 முதல் 84 விழுக்காடு. ஓர் அரசு நிறுவனம் சொல்வதை இன்னோர் அரசு அமைப்பு பாதியாக்கி அச்சிட வைக்கிறது. இந்த அளவுகோலை யாருடைய நன்மைக்காக இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஆணையம் மக்களுக்கு விளக்க வேண்டும்.

ஆணையத்தின் தாமதம் புதிதல்ல. குளிர்பானங்களில் என்ன இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வைக்க வேண்டும், தவறான விளம்பரங்களைத் தடுக்க வேண்டும் என்று 2004-இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. உடலுக்குக் கேடு தராத உணவைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்பதை வலியுறுத்தி, கண்காணிக்கும் கடமையை ஆணையத்துக்கு நினைவூட்டியது. அதன் பிறகு 2022 செப்டம்பரில், பொட்டலத்தின் முகப்பில் நட்சத்திரங்கள் போடும் ஒரு வரைவை ஆணையம் வெளியிட்டது. எச்சரிக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரமா என்று பொதுநல அமைப்புகள் கேட்டன. 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, கொழுப்பின் அளவைத் தடித்த எழுத்தில் போடும் முன்மொழிவுக்கு ஆணையம் ஒப்புதல் தந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முகப்பு எச்சரிக்கை குறித்து மூன்று மாதத்துக்குள் முடிவுக்கு வருமாறு காலக்கெடு வைத்தது. பின்னர் அவகாசம் நீண்டது. வரைவு, குழு, ஆலோசனை, அவகாசம் என்று ஆண்டுகள் கரைகின்றன.

முடியாத காரியமா என்றால், இல்லை. 2024 ஏப்ரலில், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை இணைய விற்பனைத் தளங்களின் ‘ஹெல்த் டிரிங்க்’ பட்டியலிலிருந்து எடுக்குமாறு ஒன்றிய வணிக அமைச்சகம் சொன்னது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பின், சர்க்கரைப் பானங்கள் தங்கள் பெயரில் ‘ஓஆர்எஸ்’ என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் ஆணையமே ஆணையிட்டது. வற்புறுத்தினால் அரசு அசைகிறது. ஆகவே வற்புறுத்துவது நம் கடமை.

பக்கத்தில் இருக்கும் இலங்கையைப் பாருங்கள். 2016 ஆகஸ்டிலிருந்து அங்கே குளிர்பானங்களுக்கு நிறக்குறி கட்டாயம். 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2-க்குக் கீழே பச்சை. எழுத்தறியாதவரும் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 2017-இல் சர்க்கரையின் கிராம் கணக்கை வைத்தே அங்கே வரி போட்டார்கள். பிரிட்டன் 2018 ஏப்ரலில் அப்படியொரு வரியைக் கொண்டுவந்தபோது, வரி அமலாகும் முன்பே பல நிறுவனங்கள் தங்கள் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. இந்தியாவில் 28 விழுக்காடு ஜிஎஸ்டியும் 12 விழுக்காடு கூடுதல் வரியுமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரே வரியாக 40 விழுக்காடு. சர்க்கரை 11 கிராம் போட்டாலும் 4 கிராம் போட்டாலும் ஒன்றுமே போடாவிட்டாலும் அதே 40. சர்க்கரையைக் குறைத்தவருக்குப் பயனில்லை, கூட்டியவருக்குத் தண்டனையில்லை. வரி வசூலாகிறது, அந்த வரியால் மக்களின் உடல்நலத்துக்கு வந்த நன்மை எதுவும் இல்லை.

‘சட்டம் கேட்பதை அச்சிட்டிருக்கிறோம், அதற்குமேல் என்ன’ என்று நிறுவனங்கள் சொல்லும். சட்டத்தின் கடைசிப் படியில் நின்றுகொண்டு நேர்மை பேசக் கூடாது. ஒட்டுத்தாளில் இடமில்லை என்பார்கள். கிரிக்கெட் வீரர் படத்துக்கும் பரிசுக் குலுக்கலுக்கும் இருக்கும் இடம் ‘சர்க்கரை 21 கிராம்’ என்ற மூன்று சொல்லுக்கு இல்லையா? மொழிக்கு மொழி அச்சிட முடியாது என்பார்கள். தமிழ்நாட்டுத் தண்ணீரை எடுத்துத் தமிழ்நாட்டு ஆலைகளிலேயே நிரப்பி விற்கும் பாட்டிலுக்குத் தமிழ் ஒட்டுத்தாள் போடுவதில் என்ன தடை? குடிப்பது மக்களின் விருப்பம் என்பார்கள். தெரிந்து எடுப்பதுதான் விருப்பம். தெரியவிடாமல் எடுக்க வைப்பதற்கு வேறு பெயர்.

நம் மண்ணின் நிறுவனங்களுக்கும் இதே சொல்தான். 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் போன்ற நிறுவனங்களின் மீது தமிழர்களுக்குத் தனிப் பாசம் உண்டு. 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தையடுத்து வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணித்தபோது அந்தப் பாசம் கடைகளில் விற்பனையாகவும் மாறியது. ஆனால் உள்ளூர்ப் பெயர் ஒட்டியதால் சர்க்கரையின் குணம் மாறிவிடாது. தமிழில் எழுதுவதில் அவர்கள் முந்திக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வழிகாட்ட வேண்டும். அன்று தாமிரபரணி ஆற்றுத் தண்ணீருக்காகவும் உள்நாட்டுத் தொழிலுக்காகவும் கொடிபிடித்த வணிகர் அமைப்புகள், இன்று தம் வாடிக்கையாளரின் உடல்நலத்துக்காக ‘தமிழில் சர்க்கரை அளவு எழுதாத பாட்டிலை வாங்கி அடுக்க மாட்டோம்’ என்று ஒரு வாரம் சொல்லட்டும். எந்த நிறுவனமும் இறங்கி வரும்.

காஞ்சிபுரத்துக்கு இந்தக் கோரிக்கையை எழுப்பத் தனித் தகுதி உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பட்டு இந்த ஊருடையது. அசல் பட்டா என்று காட்டச் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்று சோதித்துச் சொல்ல இந்த ஊரிலேயே அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலை இருக்கிறது. போலி ஜரிகையை அசல் என்று விற்றவரை நெசவாளர்களே மன்னிப்பதில்லை. புடவை வாங்க வருகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு என்று தலைமுறைகளாக நம்பி வந்த ஊர் இது. உடுத்தும் பொருளுக்கு இவ்வளவு நேர்மையை எதிர்பார்க்கும் ஊர், குடிக்கும் பொருளுக்கு அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

ஆகவே ஊருக்குள் இருப்பவர்களையும் கண்டிக்காமல் விடமுடியாது. காந்தி சாலைப் பட்டுக் கடைகளில் கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பங்களுக்குக் குளிர்பானம் கொடுத்து உபசரிக்கும் வழக்கம் இருக்கிறது. உபசரிப்பு நல்ல பண்பு. ஆனால் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்காமல் ஒரே பானத்தை ஊற்றிக் கொடுப்பது, ஏழு பேரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள மாநிலத்தில் பொறுப்பான செயல் அல்ல. மோரும் இளநீரும் குளிர்ந்த தண்ணீரும் உபசரிப்புக்குக் குறைந்தவையா? கல்யாண மண்டபங்களில் பெரிய பாட்டிலிலிருந்து கப்பில் ஊற்றிக் கொடுக்கும்போது அந்தப் பொடி எழுத்து ஒட்டுத்தாளும் கண்ணில் படாது. எது சர்க்கரை சேர்த்தது, எது சேர்க்காதது என்று பரிமாறுகிறவருக்கே தெரியாது. பானகத்திலும் வெல்லம் இருக்கிறது, ரோஸ் மில்க்கிலும் சர்க்கரை இருக்கிறது என்று சிலர் வாதிடலாம். உண்மைதான், அவற்றுக்கும் அளவு வேண்டும். ஆனால் அவற்றைச் சர்க்கரை இல்லாதது என்றோ உடம்புக்கு நல்லது என்றோ யாரும் பெயர் சூட்டி விற்பதில்லை.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. குளிர்பான நிறுவனங்கள், தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பாட்டில், டின்னின் முகப்பிலும் மொத்தச் சர்க்கரை எத்தனை கிராம் என்பதைத் தமிழில், பானத்தின் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். செயற்கை இனிப்பு சேர்த்திருந்தால் அதன் பெயரையும், ‘குழந்தைகளுக்கு வேண்டாம்’ என்ற எச்சரிக்கையையும், ‘சர்க்கரை இறங்கியவருக்கு இது உதவாது’ என்ற வரியையும் தமிழில் போட வேண்டும். இரண்டு வகை பாட்டில்களும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியுமாறு நிறம் முழுதாக வேறுபட வேண்டும்.

ஒன்றிய அரசு, மாநில மொழியைக் கட்டாயமாக்கி விதியைத் திருத்த வேண்டும். 50 கிராம் அளவுகோலைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவுக்கு இறக்க வேண்டும். சர்க்கரையின் கிராமுக்கு ஏற்ப வரியைப் படிநிலையாக்க வேண்டும். தவறாக எண்ண வைக்கும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு புத்தகத்தில் உறங்காமல் வேலை செய்ய வேண்டும்.

ஒன்றிய விதி திருந்தும் வரை காத்திருக்க வேண்டிய தேவை மாநில அரசுக்கு இல்லை. பள்ளிகளில் சர்க்கரையின் அளவைக் காட்டும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்குமாறு சிபிஎஸ்இ 2025 மே மாதமே தன் பள்ளிகளுக்குச் சொல்லிவிட்டது. அதைத் தமிழில் நம் அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் வைக்கலாம். பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் அதிகச் சர்க்கரைப் பண்டங்களை விற்கக் கூடாது என்ற 2020-ஆம் ஆண்டு விதி காஞ்சிபுரத்தில் எத்தனை பள்ளிகளின் முன் நடைமுறையில் இருக்கிறது என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆய்வு செய்து பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். அறநிலையத் துறையின் குத்தகைக் கடைகளிலும் மாநகராட்சியின் கடைகளிலும், குளிர்பானம் விற்கும் இடத்தில் அளவு காட்டும் தமிழ்ப் பலகையை உரிமத்தின் நிபந்தனையாகவே வைத்துவிடலாம். இதற்குச் சட்டசபையில் புதிய சட்டம் வேண்டாம்; ஒரு கையெழுத்து போதும்.

வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவைக்குக் கொதிக்கும் வெயிலில் பெருங்கூட்டம் கூடும். குளிர்பானம் மிக அதிகமாக விற்கும் நாள்களில் அதுவும் ஒன்று. அடுத்த கருட சேவைக்கு முன்பாகக் கோயிலைச் சுற்றியுள்ள கடைகள் எல்லாவற்றிலும் அந்தப் பலகை ஏறியிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரும், மாநகராட்சி ஆணையரும், உணவுப் பாதுகாப்புத் துறையும் இதற்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். நிறுவனங்கள் அதற்குள் தம் ஒட்டுத்தாளைத் திருத்திக்கொள்ளட்டும். திருத்தாவிட்டால், அவற்றின் பாட்டில்களை அடுக்குவதில்லை என்று கடைக்காரர்களும், வாங்குவதில்லை என்று மக்களும் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு இந்தத் தலையங்கம் முழு ஆதரவாக நிற்கும்.